கொழுப்பு என்னும் ஒற்றை நிரல்: தென்னிந்தியத் தாய்மாரின் எண்ணெய் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(சற்று நீண்ட பதிவு. உணவியல், மொழியியல், வரலாறு பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.)

1937இல் குன்னூரிலிருந்து ஒரு சிறு நூல் வெளிவந்தது. 'ஹெல்த் புல்லட்டின் எண் 23' என்ற வறண்ட பெயரால் அறியப்பட்ட அந்நூலின் ஆசிரியர், அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை, மீன், பால் என நம் உணவுப்பொருள்களின் சத்து மதிப்பை அது அட்டவணையாகத் தந்தது. பிற்காலத்தில் இந்நாட்டு உணவியலாளர்கள் கையாண்ட அட்டவணைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. அந்த அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடும் நிரல்களில் ஒன்று கொழுப்புக்கு உரியது. ஒரே ஒரு நிரல். உணவுப்பொருளை ஈதரில் ஊறவைத்து, கரைந்து வந்ததைப் பிரித்து, ஈதரை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுத்தால் கிடைக்கும் எண்ணே அதில் இடம்பெற்றது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் ஆகிய நான்கையும் அந்நிரல் ஒன்றுபோலவே காட்டும்.

கருவுற்ற பெண்ணின் உணவில் கொழுப்பின் இடம் என்ன என்ற கேள்வியின் தென்னிந்திய வரலாற்றை எழுதப் புகுபவர் இந்த ஒற்றை நிரலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. 'எவ்வளவு கொழுப்பு' என்று நாம் கேட்டுக்கொண்டிருந்த அதே ஐம்பது அறுபது ஆண்டுகளில், 'எந்தக் கொழுப்பு' என்பதற்கான விடை நம் அடுப்படிகளில் ஓசையின்றி மாறிவிட்டது. மாற்றியவர்கள் தாய்மார் அல்லர். பயிர்த் திட்டமும் இறக்குமதிக் கொள்கையும் கடலுக்கும் ஊருக்கும் இடையிலான தூரமும் சேர்ந்து செய்த மாற்றம் அது. அது அளக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, நான் வசிக்கும் பெங்களூர் விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. அங்கு வருமுன் சொற்களைச் சற்றே பார்த்துவிடுவோம். மொழியியல் படித்தவரிடம் இந்தத் தாமதம் எதிர்பார்க்கத்தக்கதே.

எள் + நெய் = எண்ணெய். பள்ளியிலேயே படித்த புணர்ச்சி இது. கன்னடத்தின் 'எண்ணெ'யும் மலையாளத்தின் 'எண்ண'யும் இதே வார்ப்பு. தெலுங்கின் 'நூனெ'யும் எள்ளைக் குறிக்கும் 'நுவ்வு'டன் 'நெய்' சேர்ந்து பிறந்ததே. வெள்ளை நெய் வெண்ணெய் ஆயிற்று. சங்க இலக்கியத்தில் 'நெய்' என்பது பசுவின் நெய்யையும் குறிக்கும், வித்தில் பிழிந்ததையும் குறிக்கும், பூசுவதையும் குறிக்கும், உண்பதையும் குறிக்கும். பின்னர் எள்ளின் நெய்க்கு உரிய சொல்லே எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராகி, நிலத்தடியிலிருந்து வந்ததைக்கூட மண்ணெண்ணெய் ஆக்கியது. எள் தன் பெயரை இழந்து 'நல்லெண்ணெய்' என்ற அடைமொழிக்குள் ஒதுங்கியது. கருநாடகத்தில் முன்பு பரவலாகப் புழங்கிய உச்செள் எண்ணெயின் பெயரும் இவ்வாறே: கன்னடத்தில் 'ஹுச்செள்ளு', அதாவது பித்துப் பிடித்த எள், தமிழில் அதே செடி பேயெள். எள்தான் அளவுகோல், மற்றவை எள்ளின் திரிபுகள். 'கொழுப்பு' என்ற சொல்லும் இவ்வாறே வகைபிரிக்காத சொல். செழிப்பையும் திமிரையும் ஒருசேரக் குறிக்கும். கன்னடத்தின் 'கொப்பு'க்கும் இதே இரட்டைப் பொருள் உண்டு. இந்த மரபில் கொழுப்பு என்பது ஒரு மிகுதி, அவ்வளவே.

மகப்பேற்றுக்கும் நெய்க்கும் உள்ள உறவு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. தொல்காப்பியக் கற்பியலும் நற்றிணையின் 40ஆம் பாடலும் ஈன்ற தாய்க்கு நெய் பூசும் வழக்கத்தைச் சுட்டுகின்றன. நற்றிணையில் வெண்சிறுகடுகும் உடன் வருகிறது. இங்கே கவனிக்க வேண்டியது காலம். நெய் ஈன்ற பின்னரே வருகிறது. இன்றும் நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுக் கிளறிய பிரசவ லேகியம் பிள்ளை பிறந்த பின்னர்தான். கடற்கரையூர்களில் பால் சுரக்கவென்று கொடுக்கும் பால்சுறாப் புட்டும் அதன் பின்னர்தான். கருவுற்ற மாதங்களில் எள் 'சூடு' என்று விலக்கப்படுகிறது. கொழுப்பு மீட்சிக்கான உணவாகவே எண்ணப்பட்டது. கருவைக் கட்டும் பொருளாக அன்று.

குன்னூருக்குத் திரும்புவோம். அய்க்ராய்டுக்கு முன் அங்கு பணியாற்றிய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவு கடைசி இடம். இந்த முடிவு நாளிதழ்களிலும் மேடைகளிலும் நீண்ட காலம் எதிரொலித்தது. 'தென்னாட்டான் உணவில் கொழுப்புப் போதவில்லை' என்ற ஒரு கசப்பான பெருமூச்சும் அதிலிருந்து பிறந்தது. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குக் கருவுற்ற காலத்தில் வரும் கடும் இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறான மார்மைட் அதைக் குணப்படுத்துகிறது என்று 1931இல் வெளியிட்டார். அவரும் குன்னூரில் பணியாற்றியவரே. பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர்பெற்ற சத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது. மகப்பேற்று உணவியல் இந்தியாவில் வைட்டமின்களின் துறையாக, இரும்பின் துறையாக வளர்ந்ததற்கு இந்த வெற்றியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உயிரைப் பறிக்கும் குறை கண்முன் நிற்கையில் வேறெதைத் தேடுவது?

ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் இன்னொரு குறை கண்டறியப்பட்டது. ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற இணையர், உணவிலிருந்து கொழுப்பை அறவே நீக்கினால் எலிகளுக்கு வாலில் செதில் படிவதையும் சிறுநீரகம் கெடுவதையும் இனப்பெருக்கம் குலைவதையும் 1929இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, லினோலிக் அமிலம் என்ற ஒன்றைச் சிறிதளவு கொடுத்தாலே எலிகள் மீள்வதைக் காட்டினர். உடலால் ஆக்க முடியாத, உணவிலிருந்தே பெற வேண்டிய கொழுப்பு அமிலம் உண்டு என்பதே இதன் பொருள். கலோரி தரும் விறகாக மட்டும் கருதப்பட்ட கொழுப்பு அன்று முதல் வகைபிரிக்க வேண்டிய பொருளாயிற்று. சிறிதளவு இரத்தத்திலிருந்தே ஒவ்வோர் அமிலத்தையும் தனித்தனியே அளக்கும் வழி பிறக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேம்ஸ், மார்ட்டின் ஆகிய இருவர் வளிம-நீர்ம நிறப்பிரிகை முறையை அவ்வாண்டு வெளியிட்டனர்.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. 'ஒமேகா-3', 'ஒமேகா-6' என்ற பெயரீடு பர் இணையரின் வழிவந்த ரால்ஃப் ஹோல்மனுடையது. வேதியியலார் வழக்கமாக அமிலத்தின் தலைப்பக்கத்திலிருந்து கார்பன்களை எண்ணுவர். ஹோல்மன் வாலிலிருந்து எண்ணினார். ஏனெனில் நம் உடல் இச்சங்கிலிகளைத் தலைப்பக்கத்தில் நீட்டும், புதிய இரட்டைப் பிணைப்புகளை அப்பக்கமே சேர்க்கும். வாலை மட்டும் தொடாது. ஆகவே வாலைப் பார்த்தால் குடும்பம் தெரியும். முன்னால் எவ்வளவு திரிந்தாலும் விகுதியைக் கொண்டு இனத்தைச் சொல்லிவிடும் இலக்கணியின் வேலை இது. லினோலிக் அமிலம் ஒமேகா-6 குடும்பத்தின் மூத்தோள். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 குடும்பத்தின் மூத்தோள். பின்னதிலிருந்து உடல் ஈ.பி.ஏ.வையும் டி.ஹெச்.ஏ.வையும் ஆக்கிக்கொள்ளும். இரு குடும்பங்களும் ஒரே நொதியைப் பகிர்வதால், ஒன்று பெருகினால் மற்றதற்கு இடம் குறையும். பின்னால் வரும் கதை முழுவதற்கும் இந்தப் போட்டிதான் அடிப்படை.

மூளையிலும் விழித்திரையிலும் டி.ஹெச்.ஏ. செறிந்திருக்கிறது. கருவில் அது மிகுதியாகச் சேர்வது கடைசி மூன்று மாதங்களில். அப்போது நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்திலிருந்து அதைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைக்குக் கடத்துகிறது. பெண்ணுடல் ஆணுடலைவிட ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை டி.ஹெச்.ஏ.வாக மாற்றுவதில் வல்லது. ஆயினும் அம்மாற்றம் சிறிதளவே. மீன் நேரடியாகவே தந்துவிடுகிறது.

மீன் எண்ணெய் நமக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் நிக்கல்சன் தலைமையில் உருப்பெற்ற சென்னை மாகாண மீன்துறை, மலபார்க் கரையில் மத்தி எண்ணெய்த் தொழிலை ஊக்குவித்தது. எண்ணெய் சோப்புக்கும் தோல் பதனிடவும் போயிற்று, சக்கை உரமாயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பியக் காட் மீன் ஈரல் எண்ணெய் வருவது தடைப்பட்டபோது, கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் அரசால் எடுக்கப்பட்டது. மதிப்பு அதிலிருந்த வைட்டமின் ஏ-வுக்கு. அட்டவணையில் வைட்டமின் ஏ-வுக்குத் தனி நிரல் இருந்தது. ஆகவே அது கண்ணுக்குத் தெரிந்தது. அதே கரண்டியில் சேர்ந்து சென்ற ஒமேகா-3 அமிலங்களுக்கு நிரல் இல்லை. எண்ணெயைக் குடித்த பெண்கள் எதைப் பெற்றார்கள் என்பதில் பாதியே பதிவாயிற்று.

ஒமேகா-3 நிறைந்த இன்னொரு பொருளும் நம் கையை விட்டு நழுவியது. ஆளி விதை. வடகருநாடகத்தில் 'அகசெ' என்று பெயர். வறுத்துப் பொடித்த சட்னிப்பொடி அங்கு இன்றும் ரொட்டிக்குத் துணை. அதன் எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ஆனால் காலனிய இந்தியாவின் ஆளி பெருமளவு கப்பலேறிற்று. ஐரோப்பாவில் வண்ணப்பூச்சுக்கும் லினோலியம் என்ற தரைவிரிப்புக்கும் மூலப்பொருளாயிற்று. காற்றுப் பட்டால் விரைந்து இறுகும் இயல்பே அதற்கு அங்கு மதிப்பைத் தந்தது. அந்த இயல்பைத் தரும் வேதிக்கட்டமைப்பேதான் அதன் உணவு மதிப்பும்.

பிறகு எண்ணெய்களின் வரிசையே மாறியது. 1937இல், அதாவது அய்க்ராய்டின் நூல் வந்த அதே ஆண்டில், டால்டா சந்தைக்கு வந்தது. நெய்யா வனஸ்பதியா என்ற சண்டை விடுதலைக்குப் பின் நாடாளுமன்றம் வரை சென்றது. திரவ எண்ணெயைக் கெட்டியாக்குகையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் சேரும் என்பது பின்னர் அறிந்தது. அதை 2 விழுக்காட்டுக்குள் அடக்கும் சட்ட வரம்பு 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1969இல் சோவியத் நாட்டு விதைகளுடன் சூரியகாந்தி எண்ணெய்ப்பயிராக இங்கு வந்தது. விரைவிலேயே கருநாடகம் அதன் முதன்மை மாநிலமாயிற்று. 1986இல் எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. 1994இல் பாமாயில் இறக்குமதி தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் நியாயவிலைக் கடையில் பாமாயில்.

கலவையைக் கணக்கிட்டால் இதன் பொருள் விளங்கும். கடலை எண்ணெயில் லினோலிக் அமிலம் ஏறத்தாழ 30 விழுக்காடு. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் 60க்கும் மேல். பாமாயிலில் 10 அளவில். இம்மூன்றிலும் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லிவிடலாம். வடக்கே கடுகெண்ணெய் உண்பவருக்கு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஓரளவு கிடைக்கிறது. தென்னகத்து அடுப்படிக்கு அந்த வழியும் இல்லை. பழைய நல்லெண்ணெயும் ஒமேகா-3 தருவதன்று. ஆகவே 'பாட்டி காலத்துச் செக்கு எண்ணெய்க்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும்' என்று பகிரப்படும் பதிவுகளுக்கு இந்தக் கணக்கில் ஆதாரம் கிடைக்காது. மாறியது ஒமேகா-6இன் அளவு. அதனால் இரு குடும்பங்களின் விகிதம்.

இந்த விகிதத்தை இந்தியாவில் தொடர்ந்து பேசியவர், குன்னூரிலிருந்து 1958இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து பின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆன அதே கூடத்தின் விஞ்ஞானி கஃபூருன்னிசா. 'கண்ணுக்குத் தெரியும் கொழுப்பு', 'கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு' என்ற பிரிவினையை அவர் எண்களால் நிரப்பினார். அரிசி, பருப்பு, பிற தானியங்களுக்குள் மறைந்திருக்கும் கொழுப்பே லினோலிக் அமிலத் தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்றிவிடுகிறது. எனவே மேலே ஊற்றும் எண்ணெயைத் தேர்கையில் ஒமேகா-3ஐ நோக்கித் தேர வேண்டும் என்பது அவர் வாதம். ஏழை நாட்டு உணவில் கொழுப்புப் போதவில்லை என்ற ஒற்றைக் குரலின் நடுவே இது துணிவான பேச்சு. என் பார்வையில், குன்னூரின் ஒற்றை நிரலை உடைத்த முதல் இந்தியக் குரல்களுள் இது ஒன்று.

அதே காலத்தில் வடகடலில் வேறொரு தடயம் கிடைத்தது. ஃபாரோ தீவுகளின் பெண்கள் டென்மார்க்குப் பெண்களைவிடச் சற்று நீண்ட காலம் கருவைச் சுமக்கின்றனர், அவர்களின் குழந்தைகள் எடை மிகுந்தவை. காரணம் மீனாக இருக்குமோ என்று ஓல்சன் என்ற டென்மார்க்கு ஆய்வாளர் 1980களின் நடுவில் எழுதினார். 1992இல் 533 பெண்களிடம் அவர் குழுவினர் நடத்திய சோதனையில், மீன் எண்ணெய் பெற்றவர்களின் கருக்காலம் ஆலிவ் எண்ணெய் பெற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு நாள் நீண்டது. இங்கிலாந்தின் ஹாரோவில் வாழும் இந்து சைவ உணவுத் தாய்மாரின் தொப்புள்கொடி இரத்தத்தில் டி.ஹெச்.ஏ.வின் பங்கு குறைந்திருப்பதை ரெட்டி, சாண்டர்ஸ் முதலியோர் 1994இல் காட்டினர். நம்மவரின் இரத்தம் முதலில் லண்டன் புறநகரில்தான் இவ்வகையில் பேசப்பட்டது என்பது சற்று வேடிக்கை.

இனி பெங்களூர். விவேக் நகரை அறியாதவர்களுக்கு ஓரிரு சொல்: குழந்தை யேசு திருத்தலத்தால் பெயர்பெற்ற பகுதி, வியாழக்கிழமைகளில் பிள்ளைவரம் வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் பல மதத்துப் பெண்கள் மெழுகுவர்த்தியுடன் நிற்பர். தெருப்பேச்சில் தமிழ் மிகுதி. இங்கிருந்து ஈஜிபுரம் கடந்தால் கோரமங்களாவில் 1963இல் தொடங்கிய புனித ஜான் மருத்துவக் கல்லூரி. அங்குள்ள ஆய்வாளர்கள் சுமித்ரா முத்தையா, பிரதிபா துவாரகநாத் முதலியோர், மகப்பேற்றுக்கு முந்தைய பரிசோதனைக்கு வந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து, உண்பது எது, சிவப்பணுச் சவ்வில் இருப்பது எது என்று கேட்டனர். சவ்வை அளப்பதற்குக் காரணம் உண்டு: சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது, ஆகவே நேற்றைய மதிய உணவை மட்டுமன்றி, கடந்த சில மாதங்களின் உணவை அது பதிவாக வைத்திருக்கிறது. ஆவணக்காப்பகம் தேடி அலையும் எங்களைப் போன்றோர்க்குப் பொறாமை தரும் ஆவணம்.

676 பெண்களைக் கொண்ட அவர்களின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஏறத்தாழ பாதிப்பேர் மீன் உண்பவர். ஆனால் உண்ணும் அளவு மிகக் குறைவு. கடைசி மூன்று மாதங்களில் மீன் மிகக் குறைந்த நிலையில் இருந்த பெண்களுக்கு 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஈ.பி.ஏ. குறைந்தவர்களிடமும் இதே போக்கு. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. காரணத்தை நிறுவும் ஆய்வு அன்று. மீன் வாங்கும் வீடு வேறு பலவற்றையும் வாங்கக்கூடிய வீடாக இருக்கலாம். எனினும் உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு கருவுற்ற பெண்ணுக்குப் பரிந்துரைத்த நாள் அளவு ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. சேர்ந்து 300 மில்லிகிராம். பெங்களூர்ப் பெண்கள் அதன் அருகிலும் இல்லை.

கடலில்லா ஊர் இது. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு மீன் மங்களூரிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறது. இங்கு மதிப்புப் பெற்றது வஞ்சிரம், விருந்தாளிக்கு வஞ்சிரமே. ஒமேகா-3 நிறைந்த மத்தியும் அயிலையும் மலிவானவை, முள் மிகுந்தவை, நாற்றம் உடையவை என்ற காரணங்களால் மாடிக் குடியிருப்புகளில் வரவேற்பில்லாதவை. அடுத்த வீட்டார் முகம் சுளிப்பார்களோ என்ற அச்சம் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் எந்த நிரலிலும் வராது. ஆனால் வாடகைக்கு வீடு தேடிய எந்தத் தமிழருக்கும் 'நான்வெஜ் சமைப்பீர்களா' என்ற கேள்வி தெரியும்.

பெண்களின் 'அறியாமை'யே காரணம் என்று சொல்வோர்க்கு இன்னோர் ஆய்வை நினைவூட்ட வேண்டும். மார்க் நிக்டர், மிமி நிக்டர் ஆகிய மானிடவியலாளர் தென்கன்னட மாவட்டத்தில் செய்த களப்பணியை 1983இல் வெளியிட்டனர். கருவும் உணவும் வயிற்றில் ஒரே இடத்தைப் பகிர்கின்றன. ஆகவே நிறைய உண்டால் குழந்தைக்கு இடம் குறையும் என்ற உடற்கருத்து அங்கு இருந்தது. அறுவை வசதி எட்டாத ஊரில், சிறிய குழந்தை எளிதில் பிறக்கும் என்ற எண்ணத்துக்கும் ஓர் உள்ளமைதி உண்டு. அவ்வாறு குறைத்து உண்ட தாயின் தட்டிலிருந்து முதலில் விலகுவது எண்ணெய்ப்பசை உள்ளதே.

அளவும் பொருட்டல்ல என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். புணே அருகே ஆறு கிராமங்களில் 1990களில் நடந்த ஆய்வில், தாய் உண்ட மொத்த ஆற்றலோ புரதமோ பிறப்பு அளவுகளுடன் தொடர்பு காட்டவில்லை. 18ஆம் வாரத்தில் உண்ட கொழுப்பு மட்டும் குழந்தையின் நீளத்தோடும் எடையோடும் தொடர்பு காட்டியது. பாலும் கீரையும் பழமும் கூட. வயலில் உழைக்கும், கொழுப்பு மிகக் குறைந்த உணவுடைய பெண்களிடம் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு இன்னும் உயிருண்டு.

அப்படியானால் மாத்திரையாகக் கொடுத்துவிட்டால்? இதே மாநிலத்தின் பெலகாவியில், ஆளிச் சட்னியின் நாட்டில், 'தானி' எனச் சுருக்கப்பெயர் கொண்ட சோதனை நடந்தது. 957 கருவுற்ற பெண்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் கடற்பாசியிலிருந்து எடுத்த 400 மில்லிகிராம் டி.ஹெச்.ஏ., மறுபாதிக்கு வெற்று மாத்திரை. பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை. பிறந்த குழந்தையின் அளவுகளில் வேறுபாடு இல்லை. ஓராண்டில் வளர்ச்சி மதிப்பெண்ணிலும் வேறுபாடு இல்லை. உலகெங்கும் நடந்த 70 சோதனைகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரன் ஆய்வு, ஒமேகா-3 கூட்டினால் குறைப்பிரசவம் 13.4 விழுக்காட்டிலிருந்து 11.9ஆகக் குறைவதைக் காட்டியது. அவற்றுள் மிகுதியும் வசதியான நாடுகளில் நடந்தவை. ஆக, காலத்துக்கு முன் பிறப்பதைத் தடுப்பதில் ஒமேகா-3க்குப் பங்குண்டு. இந்தியக் குழந்தையின் எடைக்குறைவைத் தனித்த ஒரு மாத்திரை தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இதைச் சொல்வது எவருக்கும் மருத்துவ அறிவுரை தருவதற்கன்று; மருத்துவர் எழுதிக் கொடுத்ததை இப்பதிவைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். நான் காட்ட விரும்புவது வேறு. டி.ஹெச்.ஏ. சேர்த்த பால்மாவின் பெட்டியில் அறிவுக்கூர்மையுள்ள குழந்தையின் படம் அச்சாகிறது. வாங்காத தாய்க்கு ஒரு குற்றவுணர்வு விற்கப்படுகிறது. எந்த விதை ஊன்றப்பட வேண்டும், எந்த எண்ணெய்க்கு வரி குறைய வேண்டும், நியாயவிலைக் கடையில் எது அளக்கப்பட வேண்டும் என்று முடிவெடுத்த மேசைகள் எதிலும் அவள் அமர்ந்ததில்லை. அவளுடைய சிவப்பணுச் சவ்வில் எழுதப்பட்டிருப்பது அந்த மேசைகளின் வரலாறு.

2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுகளைக் கொண்ட புதிய அட்டவணையை வெளியிட்டது. அதில் கொழுப்பு அமிலங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல். குன்னூரிலிருந்து கணக்கிட்டால் 80 ஆண்டுகள்.

என் ஆய்வுக்காக ஒரு வேண்டுகோள். மத்தி, சாளை, பூதாயி என ஒரே மீனுக்கு வழங்கும் பெயர்களையும், கருவுற்ற காலத்தில் உங்கள் வீட்டில் விலக்கிய, விரும்பிக் கொடுத்த எண்ணெய், நெய், மீன் வகைகளுக்கான சொற்களையும் திரட்டிவருகிறேன். ஊர்ப்பெயருடன் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெங்களூர், கோலார், ஓசூர்ப் பகுதித் தமிழ் வழக்குகள் சிறப்பாகத் தேவைப்படுகின்றன. கன்னடம் கலந்த வடிவங்களைத் திருத்தாமல் அப்படியே எழுதவும்.